காலியாகத் திரும்பிய வேன்

எங்கள் பட்டாசு ஆபீஸில் ஒரு செம்புத் தகடு இருக்கிறது. ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். சிவகாசிப் பக்கத்தில் பட்டாசு செய்கிற ஆலைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான். வெடிமருந்து அறைக்குள் நுழைகிறவர்கள் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் அதன் வழியாக மண்ணில் இறங்கிவிடும். எல்லா அறைக்கும் அப்படி ஒன்று உண்டு. நான் சொல்லும் தகடு மட்டும் அறையே இல்லாத இடத்தில் நிற்கிறது. ஒரு கல்தூண், அதில் தகடு, அதற்குப் பின்னால் வெறும் தரை, அதற்கும் பின்னால் கருவேலம் புதர். அறை போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அப்பா அதைத் திரும்பக் கட்டவில்லை. ஆனாலும் தகட்டில் களிம்பு ஏறவில்லை. காலையில் வேனை விட்டு இறங்கும் பெண்கள் அந்த வழியாகப் போகும்போது அதைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அப்படிச் செய்யும்படி அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

அந்த அறை போனது ஒரு வேலைநிறுத்த நாளில். நாடு முழுக்க எல்லா சங்கங்களும் சேர்ந்து அறிவித்த வேலைநிறுத்தம். நான் அப்போது விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பஸ் ஓடாததால் அன்றைக்கு அங்கேயே விடுதியில் இருந்துவிட்டேன். நடந்ததை மறுநாள் வீட்டில் சொன்னார்கள். அப்பா ஊரில் இல்லை, சரக்கு விஷயமாகத் தூத்துக்குடி போயிருந்தார், வந்திருந்த சில பெண்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் வேகமாக மருந்தைத் திணித்திருக்கிறார்கள், உராய்ந்து வெடித்துவிட்டது. உள்ளே இருந்த மூன்று பெண்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. இதைத்தான் வந்தவர்களிடம் அம்மா சொன்னார். சொந்தக்காரர்களும் சொன்னார்கள். கேட்ட எவருக்கும் நானும் இதையேதான் சொல்லிவந்தேன்.

அப்பா மட்டும் எதுவும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவரிடம் ஒரு கேள்விதான் மிஞ்சியது. சாயங்காலம் வேன் கிளம்பியதும் மருந்து கலக்கும் அண்ணாச்சியிடம் போய், "மிச்சம் இருக்கா?" என்று கேட்பார். கலந்த மருந்து அன்றன்றைக்கே தீர வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். கலந்ததைப் போட்டு வைத்தால் ஈரக்காற்று பட்டுத் தானாகச் சூடேறும். அதனால் அப்பாவின் கேள்வியில் எனக்கு வித்தியாசமாக ஏதும் படவில்லை. ஆனால் அவர் அதை வீட்டிலும் கேட்டார். மதியம் கட்டிலில் கண்ணசந்து கிடக்கும்போது உதடு அசையும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இல்லீங்க, தீந்துருச்சு" என்பார். சில நாள் அதில் அடங்குவார், சில நாள் அடங்கமாட்டார்.

அப்பா இறந்த பிறகு ஆபீஸ் என் தலையில் விழுந்தது. நான் ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்தேன். ஆனால் ஆபீஸில் இன்றைக்கும் எல்லோருக்கும் நான் டீச்சர்தான், முதலாளி என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. கோபம் வந்தால் நானும் வகுப்பறைக் குரலில்தான் கத்துவேன். அப்பாவின் கேள்வியையும் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் போய் மிச்சம் இருக்கா என்று கேட்பேன். இல்ல டீச்சர் என்பார் அண்ணாச்சி. எங்கள் ஆபீஸின் நல்ல பழக்கம் என்று அதை மற்ற முதலாளிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். முக்கியமாகப் பக்கத்து ஆபீஸ் தம்பியிடம். அவன் இஞ்சினியரிங் படித்துவிட்டு அவன் மாமாவின் ஆபீஸை எடுத்து நடத்துபவன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். எங்கள் இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் ஒரு முள்கம்பி வேலிதான்.

அப்புறம் மறுபடியும் ஒரு அகில இந்திய வேலைநிறுத்தம் வந்தது. தொழிலாளர் சட்டங்களை மாற்றியதை எதிர்த்து. எங்கள் ஆபீஸில் திரி வெட்டும் ஒரு அக்காதான் இந்தப் பகுதிச் சங்கத்தில் முன்னால் நிற்பவர். நேராக என் மேஜைக்கு வந்து நோட்டீஸை வைத்தார்.

"டீச்சர், புதன்கிழமை நாங்க வர மாட்டோம். உங்க மேல ஒரு சண்டையும் இல்ல. இது டெல்லிக்கு."

"டெல்லிக்கு இங்கன திரி வெட்டாதது தெரியுமா அக்கா?" என்றேன்.

"தெரியாது. உங்களுக்குத் தெரியுமில்ல, நீங்க சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த வாரம் முதலாளிகள் சிலர் ஒரு ஓட்டல் மாடியில் கூடினோம். தொழிலாளர் சட்டம் தெரிந்த ஆலோசகர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். வேலைநிறுத்தத்தை முதலாளிகள் எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்று அவர் அழகாகப் பேசினார். வராதவர்களுக்குச் சம்பளம் இல்லை என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். வர விரும்புகிறவர்களைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை, அவர்களுக்கு வேன் அனுப்புங்கள். கேட்டில் யாராவது மறித்தால் போனில் படம் பிடித்து வையுங்கள். வந்தவர்களை வைத்து உற்பத்தியை நடத்துங்கள், ஒரு நாள் கூட நின்றதாகக் காட்டாதீர்கள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். சீசன் நேரம், வடக்கிலிருந்து ஆர்டர் குவிந்து கிடந்தது. தம்பி எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டான்.

எனக்குள் ஒரு எரிச்சல் மூண்டது. அந்த மனிதர் சொன்னதில் சட்டப்படி தப்பே இல்லை. ஒரு பிஸ்கட் கம்பெனிக்கோ பேங்குக்கோ அது சரியாக இருக்கலாம். பிஸ்கட் மாவு மிஞ்சினால் மாவு புளிக்கும், அவ்வளவுதான். நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"புதன்கிழமை காலைல மருந்து கலக்கணுமா வேண்டாமா சார்?"

அது உற்பத்திப் பிரிவு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று அவர் சொல்லிவிட்டார். பின்னால் யாரோ, "டீச்சர் கணக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டாக" என்றார். சிரிப்பு எழுந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் மருந்தை விடிந்தும் விடியாமலும் கலந்துவிடுவோம். வெயில் ஏறுவதற்குள் கலந்து சலித்து எடுத்துவிடுவது வழக்கம். வேன் வந்து பெண்கள் இறங்கும்போது அன்றைக்கு வேண்டிய மருந்து தயாராக இருக்கும். எத்தனை பேர் வருவார்கள் என்று யாரும் காத்திருந்து பார்ப்பதில்லை. வழக்கமான நாளில் அதற்கு அவசியமும் இல்லை. வேலைநிறுத்த நாளில் அந்த வழக்கம்தான் எமன். கலந்தாகிவிட்டது, வேலைக்குக் கை வரவில்லை என்றால் அந்த மருந்து யாருக்காகக் காத்திருக்கும்? ஒரு முதலாளி வேலைநிறுத்தத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால், முதல் நாளே கலவையை நிறுத்து என்பதைத்தான் முதலில் சொல்வேன். சம்பளம், சட்டம், போன் படம் எல்லாம் அப்புறம்.

செவ்வாய்க்கிழமை மதியத்தோடு கலவையை நிறுத்தச் சொன்னேன். இருந்த மருந்தைச் சாயங்காலத்துக்குள் தீர்த்து, அறைகளைக் கழுவிவிட்டு, புதன்கிழமை ஆபீஸ் விடுமுறை என்று கேட்டில் எழுதித் தொங்கவிட்டேன். அண்ணாச்சி அதை நின்று வாசித்தார். அவருக்கு வயதாகிவிட்டது. அப்பா காலத்திலிருந்து மருந்து கலக்குகிறார். அலுமினியப் பொடி அவர் கைரேகைகளில் வெள்ளி போல நிரந்தரமாகத் தங்கிவிட்டது. எவ்வளவு குளித்தாலும் போகாது. வாசித்து முடித்து, "நல்ல காரியம்" என்றார். 

புதன்கிழமை காலையில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். ராத்திரி தூறல் போட்டிருந்தது. ரோட்டில் பஸ் இல்லை, கடை இல்லை. விஸ்வநத்தம் தாண்டியதும் எப்போதும் வரிசையாக வரும் வேன்களும் இல்லை. எங்கள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அண்ணாச்சி குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, ஸ்டிரைக் இல்லையா?"

"நானும் ஸ்டிரைக்தான் டீச்சர். கேட்டுக்கு வெளியதான உக்காந்திருக்கேன்."

நானும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கேட் கம்பி வழியாக அந்தச் செம்புத் தகடு தெரிந்தது. அன்றைக்கு அதை யாரும் தொடவில்லை. மழைத்துளி அதன்மேல் அப்படியே நின்றிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு மனது சரியில்லாமல் போனது. ஆளில்லாத ஆபீஸ் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அப்பா அந்த நாளுக்குப் பிறகு இந்த அமைதியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாரோ என்று தோன்றியது.

அப்போதுதான் எம். புதுப்பட்டிப் பக்கமிருந்து தம்பியின் வேன் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் சீட்டெல்லாம் வெறுமையாக இருந்தது. டிரைவர் மட்டும் இருந்தான். வேன் எங்களைத் தாண்டிப் போய்ப் பக்கத்து கேட்டில் நுழைந்தது. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.

"கலந்திருப்பாக டீச்சர்" என்றார்.

வேலி ஓரமாகவே நடந்து போனோம். போகிற வழியெல்லாம் என் காது அந்தப் பக்கத்து அறைகள் மேலேயே இருந்தது. தம்பி கேட்டுக்கு அருகிலேயே நின்றான். முகம் வெளிறியிருந்தது. வேன் போன ஊரில் ஒருத்தரும் வீட்டை விட்டு இறங்கவில்லையாம். பக்கத்தில் குடியிருக்கும் சில பெண்கள் மட்டும் நடந்தே வந்திருக்கிறார்கள். பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து முழு அளவுக்குக் கலந்தாகிவிட்டது.

"இப்ப மருந்து எங்க?" என்றேன்.

"உள்ளதான் அக்கா. வந்தவகளை வச்சு அம்புட்டையும் முடிச்சிட்டுப் போகச் சொல்லிட்டேன். கொஞ்சம் வேகமாப் போட்டா முடிஞ்சிரும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மிச்சம் வைக்கக் கூடாதுன்னு நீங்கதானக்கா சொல்வீக" என்றான்.

 நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த வார்த்தை அது. அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, பத்துக் கைகள் செய்ய வேண்டிய வேலைக்கு மூன்று நான்கு கைகளை உட்கார வைத்திருக்கிறான். கணக்கில் வழி தப்பென்றால் அடித்துவிட்டு மறுபடியும் போடச் சொல்லலாம். இங்கே மறுபடியும் போட முடியாது.

அண்ணாச்சிதான் பேசினார். குரல் உயரவில்லை.

"பெரிய மொதலாளியும் இதேதான் சொன்னாக."

"யாரு?" என்றேன்.

"உங்க அப்பா, டீச்சர்."

"அப்பா ஊர்லயே இல்லையே அண்ணாச்சி. தூத்துக்குடி போயிருந்தாக."

"போகல. ஊர்லதான் இருந்தாக. அந்தா அந்தக் கேட்டுகிட்டத்தான் நின்னாக." அவர் எங்கள் கேட்டைக் கையால் காட்டினார். "வேன் சும்மா வந்துச்சு. நான் போயி, ஆளு வரல மொதலாளி, கலந்தது கெடக்கு, என்ன செய்யன்னு கேட்டேன். வந்தவகள வச்சு முடிச்சிரச் சொல்லு, மிச்சம் வைக்காதன்னாக. நான்தான் போயி அந்தப் பிள்ளைககிட்ட சொன்னேன். சொல்லிட்டு, மேல்லாம் பொடியா இருந்துச்சு, தொட்டிக்குக் குளிக்கப் போனேன். ஒரு வாளி தண்ணி மேல ஊத்திருப்பேன்."

 

நான் தம்பியைப் பார்க்கவில்லை. அந்தக் கேட்டைத்தான் பார்த்தேன். அங்கே அப்பா நிற்பது போல இருந்தது என்று எழுதினால் கதை விடுகிறாள் என்பீர்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது. வெள்ளைச் சட்டை, கையில் மடித்த துண்டு, அவசரமாக ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் திரும்புகிறவர். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இவ்வளவு வருடம் அந்தப் பெண்களின் அவசரம் என்று சொல்ல விட்டுவிட்டு, ஒரு வார்த்தை திருத்தாமல் போய்ச்சேர்ந்துவிட்டாரே. அதே நேரத்தில் அந்த மனிதரை நினைத்து அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால் என் குரல் என்னையும் மீறி வகுப்பறைக் குரலாகக் கிளம்பியது.

"தம்பி, முதல்ல அவங்களை வெளிய கூப்பிடு. நீயே போ, ஆளை அனுப்பாத. ஓடாத, நடந்து போ. கையில இருக்கிறத அப்படியே வச்சிட்டு எந்திரிச்சு வரச் சொல்லு."

"நாளைக்கு லோடு ஏத்தணும் அக்கா. லாரி வந்துரும்."

"லாரி வரட்டும். காலியாப் போகட்டும்."

அவன் ஒரு நொடி நின்றான். அண்ணாச்சியின் வெள்ளிக் கைகளைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து போனான். வாசலில் தகட்டில் கை வைப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன்.  ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பெண், "பாதி போட்டாச்சு, இன்னும் கொஞ்சம்தான், முடிச்சிருப்போமே" என்று சடைத்துக்கொண்டாள். அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. முன்பின் தெரியாத பெண். நான், "வீட்டுக்குப் போம்மா, இன்னைக்கு ஸ்டிரைக்" என்று மட்டும் சொன்னேன்.

மருந்தைப் போட்டு வைக்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது. எரிப்பதுதான் ஒரே வழி. தம்பியின் ஆளும் அண்ணாச்சியும் சின்னச் சின்னத் தட்டாக எடுத்துக்கொண்டு போய், தூரத்திலிருக்கும் கழிவுக் குழியில் மெல்லிசாகப் பரப்பினார்கள். நீளமாகத் திரி வைத்துப் பற்றவைத்துவிட்டு விலகி வந்தார்கள். வெள்ளையாக ஒரு வெளிச்சம், பிறகு புகை. சத்தமே இல்லை. அதை மறுபடி மறுபடி செய்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் வராததை நம்ப முடியவில்லை. கடைசித் தட்டு முடிந்ததும் தம்பி என் பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். 

மறுநாள் எல்லோரும் வேலைக்கு வந்தார்கள். திரி வெட்டும் அக்கா வேனிலிருந்து இறங்கியதும், "நீங்களே பூட்டுப் போட்டதுல எங்களுக்கு மறிக்க ஒரு கேட்டு இல்லாமப் போச்சு டீச்சர், இப்படியா எங்க ஸ்டிரைக்கைக் கெடுப்பீக" என்று கிண்டலடித்தார். மற்ற பெண்கள் அவருக்குப் பின்னால் வந்தார்கள். போகிற போக்கில் தகட்டைத் தொட்டுக்கொண்டு போனார்கள். நான் முதல் தடவையாக அதன் அருகில் போய் நின்றேன். தொடவில்லை, தொட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று பட்டது. அந்த மூன்று பெண்களின் வீடுகளுக்கும் போய், அவர்கள் அவசரப்படவில்லை, அவசரப்படச் சொன்னது எங்கள் அப்பா என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த வாரமே போய்ச் சொன்னேன். அதில் ஒரு வீட்டில், தெரியும் டீச்சர், நீங்கதான் இப்ப வந்து சொல்றீக என்றார்கள். 

ஆனால் நான் சொல்ல வந்தது வேலைக்குத் திரும்பிய அந்த முதல் நாள் சாயங்காலத்தைப் பற்றி. வேன் கிளம்பிப் போனது. வழக்கம்போல நான் கலவை அறைப் பக்கம் நடந்தேன். அண்ணாச்சி குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் கேட்காமல் நின்றுவிட்டேன். இத்தனை வருடம் நல்ல பழக்கம் என்று நினைத்துக் கேட்டது. அப்பா அதைத் தினமும் சாயங்காலம் யாரிடம் போய்க் கேட்டார் என்று இப்போது எனக்குத் தெரியும். தன்னுடைய அந்தப் பதிலைக் கொண்டுபோய் உள்ளே சொன்ன மனிதரிடமே போய்க் கேட்டார்.

நான் நிற்பதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சியே சொன்னார். "மிச்சம் இல்ல டீச்சர். வீட்டுக்குப் போங்க."

"அப்பாகிட்டயும் இப்படித்தான் சொல்வீங்களா?"

"ஆமா. இதேதான் சொல்வேன்."

"அவுக என்ன சொல்வாக?"

அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கல்தூண் பக்கம் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்ல மாட்டாக. கேட் வரைக்கும் போவாக. திரும்பி வந்து இன்னொரு வாட்டி கேப்பாக."

நான் சரி என்று சொல்லிவிட்டு வண்டி பக்கம் போனேன். சாவியைப் போட்டேன். கேட் வரைக்கும் போய்விட்டு வண்டியை நிறுத்தினேன். பிறகு இறங்கித் திரும்பி வந்து, இன்னொரு வாட்டி கேட்டேன்.